அப்பாவுக்கு கணையத்துல கேன்சர், 8 கீமோ முடிஞ்சும் ஆபரேஷன் உண்டா இல்லையான்னு தெரியல

மூத்தவள்:

அப்பாவுக்கு வயசு 66. அஞ்சு மாசம் முன்னாடி உடம்பெல்லாம் அரிக்குதுன்னு சொன்னார், ராத்திரி பூரா தூங்காம சொறிஞ்சுக்கிட்டே இருப்பார், நாங்களும் ஏதோ அலர்ஜின்னு நெனச்சு மாத்திரை குடுத்துட்டு இருந்தோம், ஒரு நாள் காலைல ஜன்னல் பக்கம் நிக்கும்போது பாக்குறேன் கண்ணு மஞ்சளா இருக்கு. மஞ்சள் காமாலைன்னு நெனச்சு போனா, ஸ்கேன் எடுத்துட்டு கணையத்தோட தலைப்பக்கம் 3.4 செமீ கட்டின்னாங்க. எண்டோஸ்கோப்பி வழியா பித்தக்குழாய் அடைக்காம இருக்க ஸ்டென்ட்னு ஒரு சின்ன குழாய் வச்சாங்க, பயாப்ஸி எடுத்தாங்க, கேன்சர் தான். வேற எங்கயும் பரவல, ஆனா கட்டி பக்கத்துல போற ரத்தக்குழாய தொட்டுக்கிட்டு இருக்கு, இத பார்டர்லைன்னு சொல்வோம், நேரா ஆபரேஷன் வேணாம், முதல்ல கீமோ குடுத்து சுருங்குதான்னு பாப்போம்னு சொன்னாங்க.

ஃபால்ஃபிரினாக்ஸ்னு பல மருந்து சேந்த கீமோ, 8 தடவை முடிஞ்சுது. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, காலைல போனா சாயங்காலம் ஆயிடும், அப்புறம் இடுப்புல ஒரு சின்ன பம்ப் கட்டி அனுப்புவாங்க, 46 மணி நேரம் வீட்டுல அது ஓடிக்கிட்டே இருக்கும். கீமோ போட்ட நாலஞ்சு நாள் ஃப்ரிட்ஜ் கதவ கூட தொட முடியாது அவரால, விரல்ல கரண்ட் அடிச்ச மாதிரி இருக்குதாம், தண்ணிய கூட வெதுவெதுன்னு தான் குடிப்பார். 71 கிலோ இருந்தவர் இப்ப 58. மோதிரம் கழண்டு விழுதுன்னு அடியில நூல் சுத்தி போட்டுக்கிட்டு இருக்கார், யார்கிட்டயும் சொல்லல, அவரே சுத்திக்கிட்டார், நான் போன வாரம் தான் பாத்தேன்.

இப்ப பிரச்சனை என்னன்னா, சிஏ 19-9ங்கிற ரத்த டெஸ்ட், இந்த கேன்சருக்கு பாக்குறது, ஆரம்பத்துல 840, இப்ப 96. எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா சிடி ரிப்போர்ட்ல கட்டி 2.9 செமீ, ரத்தக்குழாய தொட்டுக்கிட்டு இருக்குறது முன்ன மாதிரியே இருக்குன்னு போட்டிருக்கு. ஒரு சர்ஜன் ரிஸ்க் அதிகம் இன்னும் கொஞ்சம் பாப்போம்ங்கிறார், கீமோ குடுக்குற கேன்சர் டாக்டர், ஆன்காலஜிஸ்ட், ரேடியேஷன் குடுத்து பாக்கலாம்ங்கிறார், வேற ஒரு சர்ஜன் தொறந்து பாத்தா தான் தெரியும்னு சொல்றார். தம்பி உடனே ஆபரேஷன் பண்ணிடலாம் தள்ள தள்ள பரவிடும்ங்கிறான். அம்மா கத்தியே வைக்க வேணாம்னு அழறாங்க. சொந்தக்காரங்க யாராவது தெனமும் ஏதாவது மூலிகை மருந்து மெசேஜ் அனுப்புறாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு நெட்ல 5 வருஷம் இருக்குறவங்க நூத்துக்கு 13 பேர்னு படிச்சேன், அதுக்கப்புறம் தூங்கல.

அப்பா ஒன்னுமே கேக்க மாட்டேங்கிறார். டாக்டர் ரூம்ல தலைய ஆட்டிக்கிட்டு உக்காந்திருப்பார், வெளிய வந்ததும் வண்டி சாவி எங்கன்னு கேப்பார். இந்த மாதிரி நடுவுல மாட்டிக்கிட்டவங்க யாராவது இருந்தா என்ன பண்ணீங்க எப்படி முடிவு எடுத்தீங்கன்னு சொல்லுங்க. கடைசி கீமோ முடிஞ்சு 10 நாள் ஆச்சு.

நடைவண்டி:

எங்க அம்மாவுக்கு இதே தான் தங்கச்சி, கணையத்தோட தலை, பார்டர்லைன், கீமோ, அப்புறம் விப்பிள்னு கணையத்தோட தலைய எடுக்குற ஆபரேஷன். அதனால நீங்க எழுதுனதுல ஒவ்வொரு வரியும் எனக்கு தெரியும், அந்த ரெண்டு மணி நெட் உட்பட. முதல்ல அந்த 13ஐ எடுத்து தள்ளி வைங்க. அது எல்லா ஸ்டேஜையும் சேத்து போட்ட கணக்கு, கண்டுபிடிக்கும்போதே கல்லீரல் நுரையீரல்னு பரவி இருந்தவங்க அதுல பாதி பேர் கிட்ட. 2018ல வந்த ஒரு பெரிய ஆய்வுல ஆபரேஷன் ஆகி அப்புறம் இதே ஃபால்ஃபிரினாக்ஸ கொஞ்சம் மாத்தி போட்டுக்கிட்டவங்கள்ல பாதி பேர் 54 மாசத்துக்கு மேல இருந்தாங்க, ஜெம்சிடபைன்ங்கிற வேற கீமோ மருந்து மட்டும் போட்டவங்களுக்கு அது 35 மாசம். அதுவும் உங்க அப்பாவுக்கு அப்படியே பொருந்தாது, ஏன்னா அவங்க ஆபரேஷன் முடிஞ்சு கீமோ தாங்குற அளவுக்கு தேறுனவங்க. எந்த நம்பரும் உங்க அப்பா பேர் போட்டு எழுதினது இல்லன்னு சொல்ல தான் ரெண்டையும் சொன்னேன்.

அடுத்து ரிப்போர்ட்ல 'முன்ன மாதிரியே இருக்கு'ன்னு போட்டத பத்தி. எங்களுக்கும் அதே வரி தான் வந்துச்சு, வீட்டுல ஒப்பாரியே வச்சோம். அப்புறம் தான் ஒரு சர்ஜன் உக்காந்து பொறுமையா சொன்னார், கீமோவுக்கு அப்புறம் ரத்தக்குழாய சுத்தி இருக்குறது உயிரோட இருக்குற கேன்சரா இல்ல கேன்சர் செத்து மிச்சம் இருக்குற தழும்பான்னு சிடில பிரிச்சு சொல்ல முடியாது, ரெண்டும் ஒரே மாதிரி தான் தெரியும்னு. அதனால தான் கட்டியோட அளவ மட்டும் வச்சு முடிவு பண்ண மாட்டாங்க, சிஏ 19-9 எவ்வளவு எறங்குச்சு, ஆள் தெம்பா இருக்காரா, புதுசா எங்கயும் வரலையா, இதெல்லாம் சேத்து தான் பாப்பாங்க. 840ல இருந்து 96 நல்ல எறக்கம் தான், ஆனா அந்த 840 எப்ப எடுத்ததுன்னு ஃபைல்ல பாருங்க. பித்தம் அடைச்சிருக்கும்போது கேன்சர் இல்லைன்னாலும் அந்த நம்பர் எகிறும், ஸ்டென்ட் வச்சு பில்ருபின், அதாவது மஞ்சள் காமாலை அளவு, எறங்குனதுக்கு அப்புறம் எடுத்ததா இருந்தா தான் ஒப்பிட முடியும்.

எந்த ரத்தக்குழாய்னு கேட்டீங்களா? இது ரொம்ப முக்கியம். சிரைய தொட்டா (போர்ட்டல் வெயின், எஸ்எம்வி) அந்த துண்ட வெட்டிட்டு திருப்பி இணைக்க அனுபவம் இருக்குற சர்ஜன்களால முடியும். தமனி, அதாவது எஸ்எம்ஏ, அது குடலுக்கே ரத்தம் கொண்டு போற குழாய், அங்க கதை வேற. எஸ்எம்ஏ சுத்தளவுல பாதி வரைக்கும், அவங்க கணக்குல 180 டிகிரி வரைக்கும் தொட்டா பார்டர்லைன், அதுக்கு மேல சுத்திக்கிட்டா லோக்கலி அட்வான்ஸ்டு, அதாவது வேற எங்கயும் பரவலைன்னாலும் அந்த எடத்துலயே முத்தினதுன்னு, பொதுவா பிரிக்கிறாங்க. ஒரு சர்ஜன் முடியாதுன்னும் இன்னொருத்தர் பாக்கலாம்னும் சொல்றது இங்க தான், யாரும் பொய் சொல்லல, அவங்கவங்க கை பழக்கம் வேற.

அதனால செகண்ட் ஒப்பினியன் போறப்ப ரிப்போர்ட் பேப்பர் மட்டும் கொண்டு போகாதீங்க, சிடி டிஸ்க் வாங்கிட்டு போங்க, கீமோவுக்கு முன்னாடி எடுத்தது பின்னாடி எடுத்தது ரெண்டும். சாதா வயித்து சிடியா இல்ல கணையத்துக்குன்னு தனியா எடுக்குற பேங்க்ரியாஸ் ப்ரோட்டோகால் சிடியான்னு கேளுங்க, ஆபரேஷன் முடிவு பண்ண பின்னது வேணும். சர்ஜன்கிட்ட வருஷத்துக்கு எத்தனை விப்பிள் பண்றீங்க, சிரைய வெட்டி இணைச்சு பழக்கம் உண்டான்னு நேரா கேளுங்க, கேக்குறதுல தப்பே இல்ல, நிறைய பண்ற எடத்துல உயிர் ஆபத்து நூத்துக்கு அஞ்சுக்கு கீழ, அபூர்வமா பண்ற எடத்துல அத விட அதிகம்னு பல வருஷமா பாத்துட்டு சொல்றாங்க. உங்க கேஸ் ட்யூமர் போர்டுல வச்சு பேசுனாங்களான்னும் கேளுங்க, சர்ஜன், ஆன்காலஜிஸ்ட், ரேடியாலஜிஸ்ட் எல்லாரும் ஒரே ஸ்க்ரீன பாத்து பேசுறது அது. நீங்க மூணு ரூமுக்கு தனித்தனியா போய் மூணு பதில் வாங்கிட்டு வந்திருக்கீங்க, அதான் இவ்வளவு குழப்பம்.

தம்பி பயப்படுறது புரியுது. ஆனா பொதுவா கடைசி கீமோ முடிஞ்சு 4ல இருந்து 8 வாரத்துக்குள்ள ஆபரேஷன் வைப்பாங்க, உடம்பு தேற அந்த இடைவெளி வேணும். 10 நாள் தான் ஆச்சு. செகண்ட் ஒப்பினியனுக்கு நேரம் இருக்கு.

ஆபரேஷன பத்தியும் மறைக்காம சொல்றேன். கணையத்தோட தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாய்ல ஒரு பகுதி, சில சமயம் இரைப்பைல கொஞ்சம், எல்லாம் போகும், அப்புறம் மூணு எடத்துல இணைப்பு போடணும். அம்மாவுக்கு ஏழு மணி நேரம் ஆச்சு. அதுக்கு அப்புறம் இரைப்பை வேலையே செய்யல, மூக்குல டியூப் 9 நாள். கணையத்த தச்ச எடத்துல லேசா கசிவு, அந்த கசிவு வடியுற குழாயோட பைய தூக்கிக்கிட்டு தான் காரிடார்ல நடந்தாங்க. 19ஆவது நாள் வீட்டுக்கு வந்தோம். முன்ன சாப்பிட்ட அளவுல பாதி சாப்பிடவே மூணு மாசம் ஆச்சு. இன்னொன்னு, தொறந்து பாத்துட்டு எடுக்க முடியாதுன்னு அப்படியே தச்சு அனுப்புறதும் நடக்கும். அத முன்னாடியே அப்பாகிட்டயும் சொல்லி வைக்கணும். அதுக்கு முன்னாடி சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டு பாக்குற லேப்ராஸ்கோபி பண்ணுவீங்களான்னு கேளுங்க, ஸ்கேன்ல தெரியாத சின்ன சின்ன புள்ளி அதுல தெரிய வாய்ப்பு இருக்கு, பெரிய வெட்டுக்கு முன்னாடியே தெரிஞ்சா நல்லது.

ஆ, ஜெனெடிக் டெஸ்ட். பிஆர்சிஏ மாதிரி மரபணு மாற்றம் இருக்கான்னு கணைய கேன்சர் வந்த எல்லாருக்கும் பாக்க சொல்றாங்க இப்ப. மருந்து மாறலாம், உங்களுக்கும் தம்பிக்கும் கூட அது தெரிஞ்சிருக்க வேண்டிய விஷயம்.

இரவுப்பணி:

நான் கேன்சர் வார்டுல நர்ஸ் மா. ஆபரேஷன் முடிவு டாக்டருங்க பாத்துப்பாங்க, நான் கேக்க வந்தது அந்த 13 கிலோ. கீமோன்னால எளைச்சுட்டார்னு எல்லாரும் விட்டுடுறாங்க, பாதி நேரம் காரணம் வேற. அப்பாவுக்கு மலம் வெளிறி, எண்ணெய் பிசுக்கோட, தண்ணி ஊத்துனாலும் போகாம மெதக்குதா? பொண்ணுகிட்ட அப்பா இத சொல்லவே மாட்டார், கூச்சம், தம்பிய விட்டு கேக்க சொல்லுங்க. அப்படி இருந்தா சாப்பிடுற கொழுப்பு உடம்புல சேராம அப்படியே வெளிய போகுதுன்னு அர்த்தம், கணையத்துல இருந்து வர்ற என்சைம் குடலுக்கு போய் சேரல. அதுக்கு என்சைம் கேப்சூல் இருக்கு, டாக்டர்கிட்ட கேட்டு வாங்குங்க. ஏற்கனவே குடுத்திருந்தா எப்ப போடுறார்னு பாருங்க. சாப்பிட்டு முடிச்சு மத்த மாத்திரையோட சேத்து முழுங்குறவங்க தான் ஜாஸ்தி, அது வேஸ்ட். முதல் வாய் வைக்கும்போது போடணும், சாப்பாடு பெருசுன்னா நடுவுல இன்னொன்னு, மெல்ல கூடாது. சாப்பாட்டோட கலந்தா தான் அது வேலை செய்யும்.

அப்படியே சுகரும் பாத்துடுங்க, கணையம் கெட்டா புதுசா சுகர் வரும், அதுலயும் எடை எறங்கும்.

காய்ச்சல் விஷயத்துல மட்டும் கண்டிப்பா இருக்கணும். ஸ்டென்ட் இருக்கு, கீமோ போட்டு வெள்ளணு கொறைஞ்சிருக்கும், இந்த ரெண்டும் சேந்த ஆளுக்கு 100.4 வந்தாலோ குளிர் நடுக்கம் எடுத்தாலோ விடியட்டும்னு காத்திருக்க கூடாது, ராத்திரி எத்தனை மணியானாலும் கெளம்பணும். பாராசிட்டமால் போட்டு பாக்கலாம்னு போட்டுட்டா காய்ச்சல் மறைஞ்சுடும், உள்ள ஸ்டென்ட் அடைச்சு கிருமி ரத்தத்துல ஏறிட்டு இருக்கும். முதல்ல தெர்மாமீட்டர், அப்புறம் தான் மாத்திரை. கண்ணு திரும்ப மஞ்சளானாலோ பழைய அரிப்பு வந்தாலோ அன்னைக்கே போன் பண்ணுங்க. ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலும் அப்படித்தான், இந்த கேன்சர்ல ரத்தம் கட்டுறது ரொம்ப சகஜம்.

சட்டை பட்டன் போட கஷ்டப்படுறாரான்னு கவனிங்க. குளிர் பட்டா மட்டும் வர்ற மரமரப்பு வேற, நாள் பூரா விரல் மரத்துப்போய் இருக்குறது வேற, ரெண்டாவது இருந்தா ஆன்காலஜிஸ்ட்கிட்ட கண்டிப்பா சொல்லணும். சொன்னா கீமோவ நிறுத்திடுவாங்கன்னு மறைக்கிற அப்பாக்கள நான் நிறைய பாத்திருக்கேன். டோஸ் கொறைப்பாங்க, இல்ல மரமரப்பு தர்ற அந்த ஒரு மருந்த மட்டும் நிறுத்துவாங்க, அது தோல்வி எல்லாம் இல்ல.

மூலிகைக்கு ஒரே பதில் தான், ஆன்காலஜிஸ்ட்கிட்ட காட்டாம ஒரு சொட்டு குடுக்காதீங்க. கீமோ மருந்துல பலது கல்லீரல் வழியா தான் போகுது, அங்க இன்னொன்ன கொண்டு போய் கொட்டுனா லிவர் டெஸ்ட் கெட்டு, ஆபரேஷன் தேதியே தள்ளிப்போன கேஸ் பாத்திருக்கேன்.

தெனமும் நடக்க சொல்லுங்க, வீட்டுக்குள்ளயே பத்து நிமிஷம் மூணு தடவை. டயட்டீஷியன பாருங்க. சர்ஜன் இன்னும் பாப்போம்னு சொல்றதுல பாதி, இந்த உடம்பு தாங்குமான்னு தான்.

ஒத்தையடி:

மேல ரெண்டு பேரும் செய்ய வேண்டியது எல்லாம் சொல்லிட்டாங்க. நான் ஆபரேஷன் நடக்காத வீட்டுல இருந்து எழுதுறேன்.

எங்க அப்பாவுக்கு 6 கீமோ, ரேடியேஷன், எல்லாம் முடிச்சு தேதியும் குறிச்சாச்சு. லேப்ராஸ்கோபில கல்லீரல் மேல அரிசி அளவுக்கு ரெண்டு புள்ளி. ஸ்கேன்ல அது தெரியவே இல்ல. ஒன்றரை மணி நேரத்துல சர்ஜன் வெளிய வந்துட்டார், அவ்வளவு சீக்கிரம் வந்தப்பவே எனக்கு தெரிஞ்சுபோச்சு. அன்னைக்கு எனக்கு இருந்த ஒரே நெனப்பு, எல்லாம் முடிஞ்சுது, இனிமே ஒன்னும் இல்ல. அது உண்மை இல்லன்னு புரிய எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. வேற கீமோ குடுத்தாங்க, ஜெம்சிடபைனும் இன்னொன்னும், அது அவருக்கு முன்னத விட தாங்குச்சு. முதுகு வலி பொறுக்க முடியாம ஆனப்ப வயித்துக்கு பின்னாடி இருக்குற நரம்பு கூட்டத்துல ஊசி போட்டாங்க, அதுக்கப்புறம் அவர் மல்லாந்து படுத்து தூங்குனார், பல மாசம் கழிச்சு. பேலியேட்டிவ் டாக்டர்னதும் கடைசி கட்டம்னு நெனச்சு நான் தான் வேணாம்னு தள்ளிப்போட்டேன், அந்த ஊசிய முன்னாடியே போட்டிருக்கலாம். நீங்க ஆபரேஷன் நடந்தாலும் நடக்காட்டியும் அவங்கள இப்பவே பாருங்க, வலிக்கும் வாந்திக்கும் பசிக்கும் தான் அவங்க. லேப்ராஸ்கோபி பண்ண அந்த நாள்ல இருந்து அப்பா 14 மாசம் இருந்தார், பெரும்பாலும் வீட்டுல.

எனக்கு இன்னைக்கும் உறுத்துறது வேற. நீங்க எழுதுனதுல தம்பி என்ன சொல்றான்னு இருக்கு, அம்மா என்ன சொல்றாங்கன்னு இருக்கு, மூணு டாக்டர் என்ன சொன்னாங்கன்னு இருக்கு. அப்பா என்ன நெனைக்கிறார்னு இல்ல. எங்க வீட்டுலயும் அப்படித்தான். அவர் ரூம் கதவ சாத்திட்டு ஹால்ல உக்காந்து குசுகுசுன்னு பேசுவோம், அவர் இருமுனா நிறுத்திடுவோம். பின்னாடி ஒரு நாள் அவரே சொன்னார், நீங்க பேசுறது எல்லாம் கேக்குது, எனக்கு சொல்ல மாட்டேங்கிறீங்கன்னா ரொம்ப மோசம் போலன்னு நானே நெனச்சுப்பேன்னு. அவர் கேக்காம இருந்தது தெரிஞ்சுக்க வேணாம்னு இல்லங்க, நாங்க ஒடஞ்சுபோயிடுவோம்னு.

எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலன்னா முகத்துக்கு நேரா உக்காந்து கேக்காதீங்க. வண்டில போகும்போது, இல்ல பக்கத்துல நடந்துக்கிட்டே கேளுங்க. ரிப்போர்ட்ல இருக்குறது எல்லாம் சொல்லட்டுமா, இல்ல தேவையானத மட்டும் சொல்லட்டுமான்னு கேளுங்க போதும். அவர் எவ்வளவு கேக்குறாரோ அவ்வளவு சொல்லுங்க.

மூத்தவள்:

பதில் போட லேட் ஆயிடுச்சு, மன்னிச்சுக்கோங்க. எல்லாத்தையும் தம்பிக்கு படிச்சு காட்டினேன், மெதக்குற விஷயத்த அவனே கேட்டான், ஆமாம்னு சொல்லிட்டார், ரெண்டு மாசமாவே இருக்காம். நாங்க யாரும் கேக்கல அவரும் சொல்லல. என்சைம் கேப்சூல் ஆரம்பிச்சு ஆறு நாள் ஆச்சு, வயிறு உப்புசம் கொறைஞ்சிருக்கு, எடை எறங்காம 58லயே நிக்குது. சுகரும் ஏறி தான் இருக்கு, அதுக்கும் மருந்து குடுத்திருக்காங்க.

840 மஞ்சள் எறங்குனதுக்கு அப்புறம் எடுத்தது தான், தேதி பாத்துட்டேன். கட்டி எஸ்எம்ஏவ பாதி சுத்தளவுக்கும் கொறைவா தான் தொட்டிருக்கு, சிரை கொஞ்சம் நெருக்கப்பட்டிருக்கு. ரெண்டு டிஸ்கும் கைல இருக்கு, வர்ற வியாழக்கிழமை ட்யூமர் போர்டுல வைக்கிறதா சொல்லியிருக்காங்க, அதுக்கப்புறம் விப்பிள் நிறைய பண்ற ஒருத்தர்கிட்டயும் அப்பாயின்ட்மென்ட் வாங்கியாச்சு.

ஒத்தையடி அண்ணா, நீங்க எழுதுனத படிச்சுட்டு ரொம்ப நேரம் அழுதேன். மறுநாள் ரத்த டெஸ்ட் குடுத்துட்டு வரும்போது வண்டிலயே கேட்டேன். கொஞ்ச நேரம் ரோட்டையே பாத்துட்டு இருந்தார். அப்புறம் சட்டை பைல இருந்து மடிச்ச ஒரு பில்ல எடுத்து குடுத்தார், அதோட பின்பக்கம் பென்சில்ல மூணு கேள்வி எழுதி வச்சிருக்கார், எழுத்து கோணல் மாணலா இருக்கு, விரல் மரத்துப்போன கைல எழுதினது. ஆபரேஷன் பண்ணா திரும்ப நானா குளிச்சு நானா நடக்க எத்தனை நாள் ஆகும். நடுவுல எடுக்க முடியாதுன்னா சும்மா மூடிட்டு வருவாங்களா இல்ல எதையாவது எடுத்துட்டு பாதில விடுவாங்களா. பண்ணலைன்னா வலி எப்படி இருக்கும், அதுக்கு மருந்து உண்டா. எப்ப எழுதுனீங்கப்பான்னு கேட்டேன், நாலாவது கீமோ அப்பன்னார். அவ்வளவு நாளா பைல வச்சுக்கிட்டு டாக்டர் முன்னாடி தலைய ஆட்டிட்டு வந்திருக்கார்.

முதல் ரெண்டுக்கு நடைவண்டி அக்கா எழுதுனத வச்சு எனக்கு தெரிஞ்சத சொன்னேன். வலிக்கு ஊசி கூட இருக்குன்னு சொன்னப்ப, அத முன்னாடியே சொல்லியிருக்கலாமேன்னு சொன்னார். சர்ஜன் நல்லா பாத்துட்டு முடியும்னு சொன்னா பண்ணிக்கிறேன், அரைகுறையா வாய்ப்புன்னா வேணாம், அம்மாகிட்ட நானே பேசிக்கிறேன்னார். அன்னைக்கு ராத்திரி ரூம்ல ரெண்டு பேரும் பேசிட்டு இருந்தாங்க, கதவு தொறந்து தான் இருந்துச்சு.

வியாழக்கிழமை என்ன சொல்றாங்கன்னு வந்து எழுதுறேன். அந்த பேப்பர அவர்தான் வச்சிருக்கார், இந்த தடவை நானே கேக்குறேன், நீ டாக்டர் சொல்றத எழுதிக்கோன்னு சொல்லியிருக்கார்.